மூன்று நெட்டை, ஒரு குட்டை

1

இந்தக் கதை வியாழக்கிழமை சாயங்காலம் என் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. நான்கு திருகாணிகளைத் தலைகீழாக வரிசையில் நிறுத்தியிருந்தேன். மூன்று நெட்டை, ஒன்று குட்டை. வித்தியாசம் அரை அரிசி நீளம்கூட இருக்காது. ஆனால் நான்கும் நெட்டையாக இருந்திருக்க வேண்டும்.

குட்டை ஒன்று என் மேசையில் நிற்கிறது என்றால், நெட்டை ஒன்று போகக்கூடாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடம் நெல்டா கூபெனாவின் புதுக் கைத்துப்பாக்கி. பதினாறு மாதம் காத்திருந்து வாங்கியது. அதன் கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் புது கிரிப் பட்டைகளைப் பொருத்தியபோது இந்தத் தவற்றைச் செய்தவர், எங்கள் சுடுகழகத்தின் தலைவர் டெல்மர் ஸ்ட்ரௌ—

[முதல் வரைவில் இப்படித்தான் எழுதினேன். வாக்கியம் வெண்ணெயில் கத்தி போல ஓடியது. ஓடுகிற வாக்கியத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்பது என் அனுபவம். அடித்துவிட்டேன்.]

பொருத்தியது நான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நெல்டா அந்தத் துப்பாக்கியோடு கழகப் போட்டியில் நிற்க வேண்டும். அதற்குள் நான் அவரிடம் போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இங்கிலீஷில் ஐந்து சொல் வரும். நான் என்ன செய்தேன் என்றால், கதை எழுத உட்கார்ந்தேன். உலகத்தில் இத்தனை கதைகள் ஏன் குவிந்திருக்கின்றன என்று யாராவது ஆராய்ந்தால், ஒவ்வொன்றுக்கும் அடியில் இப்படிச் சொல்லாமல் விட்ட ஐந்து சொல் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

தமிழில் எழுதுகிறேன். டெக்சஸின் இந்த லவாக்கா மாவட்டத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாக்குமூலத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான மொழி கிடைக்காது.

2

தொடக்கம் வேண்டும்.

முயற்சி ஒன்று: "டெக்சஸின் பொன்வெயிலில் ஓக் மரங்கள்..." [இருபத்திரண்டு வருடம் இங்கே இருக்கிறேன். பொன்வெயிலை ஒரு நாளும் பார்த்ததில்லை. பொன்னை உருக்கும் வெயில்தான் உண்டு. அழிக்க.]

முயற்சி இரண்டு: "துப்பாக்கி என்பது ஒரு தத்துவம்." [இது டெல்மர் ஸ்ட்ரௌட் ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் சொல்வது. கேட்டதும் எல்லாரும் தலையாட்டிவிட்டு காப்பி ஊற்றிக்கொள்ளப் போவார்கள். அழிக்க.]

முயற்சி மூன்று: பந்து.

இது பரவாயில்லை. பந்திலிருந்து தொடங்குகிறேன்.

நெல்டாவுக்கு வயது ஐம்பத்தெட்டு.* முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமைதோறும் பௌலிங் ஆடுவார், கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். இருபத்தொரு வருடமாக ஒரே பந்து. நீலப்பச்சை நிறம், நடுவில் வெள்ளைச் சுழி, தங்கப் பொடி தூவியதுபோல மினுக்கல், மேலே பெரிய எழுத்தில் அவருடைய பெயர். இந்த ஆகஸ்டில் அதை வண்டியிலேயே விட்டுவிட்டு மளிகை வாங்கப் போனார். பூட்டிய வண்டிக்குள் இருந்த சூட்டில் பந்து 'டப்'பென்று விரிசல் விட்டது. சத்தம் கேட்டு வாகன நிறுத்தத்தில் மூன்று பேர் தரையில் படுத்தார்கள். இரண்டு பேர் இடுப்பில் கை வைத்தார்கள். ஒருவர் தன் தர்பூசணியைக் கைவிட்டார். பந்தையும் தர்பூசணியையும் தவிர யாருக்கும் சேதமில்லை.

* இந்த எண் பிறகு திருத்தப்பட்டது. காரணம் ஏழாம் பகுதியில்.

இரண்டு வாரம் கழித்துத் துப்பாக்கி வந்தது. இந்த வகைத் துப்பாக்கியைத் துணி பாஷையில் சொன்னால் எளிது. கடையில் தொங்கும் ரெடிமேடும் இல்லை, அளவெடுத்துத் தைத்ததும் இல்லை. துணி அவர்களுடையது, வெட்டும் அவர்களுடையது. காலரும் பட்டனும் கை நீளமும் மட்டும் நாம் சொல்லலாம். அதைச் சொன்ன பிறகு பதினாறு மாதம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நெல்டா காத்திருந்தார். வந்த துப்பாக்கி பாதரசம் மாதிரி இருந்தது. கிரிப் மட்டும் உதைத்தது. நல்ல மரம்தான், ஆனால் தடிமன். நெல்டாவின் கை சிறியது, குண்டு அடுக்கும் மேகசினைக் கழற்றிவிடும் பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டவில்லை.

அப்போதுதான் அவருக்குப் பந்து ஞாபகம் வந்தது. தன்னுடைய ரம்பப் பட்டறையில் வைத்து, பெயர் பொறித்த இடமாகப் பார்த்து, இரண்டு மெல்லிய பட்டைகள் அறுத்தெடுத்தார். தேய்த்தார், மெருகேற்றினார். பெயர் நடுவே அறுபட்டுவிட்டது. இடப்பக்கப் பட்டையில் 'நெல்' என்றும் வலப்பக்கப் பட்டையில் 'டா' என்றும் இருக்கிறது. [தமிழ் தெரிந்தவனுக்கு மட்டும் இதில் கூடுதலாக ஒரு சிரிப்பு உண்டு. கதைக்கு அதனால் பிரயோசனமில்லை.]

3

டெல்மர் ஸ்ட்ரௌட் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இவ்வளவு கச்சிதமான தற்பெருமைக்காரர் கதையில் வந்தால், எழுதியவன் பழி தீர்க்கிறான் என்று வாசகர் நினைப்பார். நியாயம். ஆனால் நான் அவரைக் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுகிறேன்.

அவரை ஊரே 'ஜட்ஜ்' என்று கூப்பிடும். நீதிமன்றத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன் மாவட்டக் கண்காட்சியில் வெள்ளரிக்காய் ஊறுகாய்ப் போட்டிக்கு நடுவராக இருந்தார். ஒரே ஒரு வருடம். பட்டம் மட்டும் ஊறிப்போய் நிலைத்துவிட்டது.

[தெய்வநாயகம் என்ற என் பெயரை 'டேவ்' என்று ஆக்கியவரும் அவர்தான். "வாய் வலிக்குது தம்பி" என்றார். பழி தீர்ப்பதற்கு இது போதுமான காரணமா என்று யோசித்துப் பார்த்தேன். போதும்.]

எங்கள் கழகத்தில் அக்டோபரில் வருடாந்திர பார்பிக்யூ. கல்யாணத்துக்குப் பட்டு எடுத்து உடுத்துவது போல, அன்றைக்கு எல்லாரும் தங்களிடம் இருப்பதிலேயே அழகான துப்பாக்கியை அணிந்து வருவார்கள். பார்பிக்யூ துப்பாக்கி என்றே அதற்குப் பெயர். முதலில் போட்டி, பிறகு துப்பாக்கிகளை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டுவது, அதற்குப் பிறகுதான் பீர். போட்டியில் ஆறு எஃகுத் தகடுகள். ஆனால் முதல் மேகசினில் ஐந்து குண்டுக்கு மேல் போடக்கூடாது. ஆறாவது சிவப்புத் தகடு. அதைச் சுட வேண்டுமானால் காலி மேகசினை விழவிட்டு அடுத்ததைச் செருகித்தான் ஆக வேண்டும். குறைந்த நேரத்தில் ஆறையும் வீழ்த்தி ஜெயிப்பவருக்கு மாட்டு நெஞ்சுக்கறியின் முதல் துண்டு. கூடவே, அவருடைய துப்பாக்கியின் படம் கழகக் கொட்டகைச் சுவரில் தொங்கும்.

சுவரில் இப்போது பதினோரு படங்கள். பதினொன்றும் ஜட்ஜின் துப்பாக்கி. அதே மான்கொம்பு கிரிப், அதே கோணம், அதே சிவப்பு வெல்வெட். தேதி கிழிக்க மறந்த காலண்டர் மாதிரி இருக்கும். பன்னிரண்டாவதாக அங்கே ஒரு நீலப்பச்சைப் படம் தொங்க வேண்டும் என்பதுதான் நெல்டாவின் ஆசை. வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. கறிகூட வேண்டாமாம், கொழுப்பு ஆகாது.

செப்டம்பர் கூட்டத்துக்கு அவர் பட்டைகளைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். ஜட்ஜ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"மிஸ் நெல்டா, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கக் கூடாது."

"நீங்க சொல்ற எதையும் நான் மனசுல வெச்சுக்கிறதில்ல, ஜட்ஜ்."

"அந்தத் துப்பாக்கி மகாராணி. அதுக்குப் போய் ஐஸ்கிரீம் வண்டி கலர்ல பாவாட கட்டப் போறீங்களே."

"ஐஸ்கிரீம் வண்டி பின்னாடி ஓடாத ஆளு இந்தக் கொட்டாயில யாரு? கை தூக்குங்க பாப்போம்."

யாரும் தூக்கவில்லை.

"கிரிப்புன்னா ஒரு காலத்துல உயிரோட இருந்த பொருளா இருக்கணும்" என்றார் ஜட்ஜ். "மரம், கொம்பு, எலும்பு. அந்த மானோட வீரம் நம்ம கைக்குள்ள எறங்கணும்."

"உங்க மான் தபால் பார்சல்லதான வந்துச்சு? பிரிக்கும்போது நானும் போஸ்ட் ஆபீஸ்ல நின்னேன்."

கொட்டகையில் இருமல் கிளம்பியது. ஜட்ஜ் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு டேவ். நீ படிச்சவன்."

இந்த இடத்தில் நான் நெல்டாவை ஆதரித்திருக்கலாம், ஜட்ஜையும் ஆதரித்திருக்கலாம். நான் என்னையே ஆதரித்தேன். "நெறம் அவங்கவங்க இஷ்டம். பொருத்தம்தான் விஷயம். அதுக்குக் கை வேணும். நான் பொருத்தித் தரேன் மிஸ் நெல்டா."

4

ஒரு விஷயத்தை இதுவரை சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். என் தொழில் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி.

மூக்குக்கண்ணாடிக் கடை. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளைக் கண் தெரியாதவர்களுக்குத் திருகிக் கொடுத்துப் பிழைப்பவன். திருகாணி விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஜட்ஜின் கர்வத்தை நான் இவ்வளவு நன்றாக எழுத முடிவதற்கு அதுதான் காரணமோ என்று—

[இந்த வாக்கியத்தை முடிக்க விருப்பமில்லை.]

போட்டி வாரத்துப் புதன்கிழமை நெல்டாவின் பட்டறைக்குப் போனேன். மேசையில் பச்சை விரிப்பு விரித்து ஏழு திருப்புளிகளை அளவு வாரியாக அடுக்கினேன். துப்பாக்கிக்குத் தேவை ஒன்று. ஏழு அடுக்கினால்தான் மரியாதை. நெல்டா துப்பாக்கியைக் காலி செய்து, இரண்டு தடவை பார்த்து, என்னையும் பார்க்கச் சொல்லிவிட்டுக் கொடுத்தார்.

வேலை கடினமானதில்லை. பட்டைகள் சட்டத்தில் நேராக இறங்குவதில்லை. சட்டத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிறிய புஷ், அதாவது மரையுள்ள உலோகக் குழல்கள், இருக்கும். பட்டை அதன்மேல் உட்காரும், திருகாணி அதற்குள் இறங்கும். தடித்த பட்டைக்கு உயரமான புஷ், நெட்டைத் திருகாணி. மெல்லிய பட்டைக்குக் குட்டை புஷ், குட்டைத் திருகாணி. மெல்லிய பட்டையில் நெட்டைத் திருகாணியைப் போட்டால் அதன் மூக்கு உள்பக்கம் எட்டிப் பார்க்கும். உள்பக்கம்தான் மேகசின் வழுக்கி ஏறி இறங்கும் பாதை. கதவிடுக்கில் கால் வைத்து நிற்கும் விருந்தாளி மாதிரி அது மேகசினைப் போகவிடாது.

இது எனக்குத் தெரியும். தெரியும் என்பதை நெல்டாவுக்கு இருபது நிமிடம் விளக்கினேன். எத்தனை இஞ்ச்-பவுண்டு முறுக்க வேண்டும், நீலப் பசை எங்கே எத்தனை துளி, ஜெர்மானியர்கள் இதை எப்படிச் செய்வார்கள், எல்லாம். விளக்கிக்கொண்டே பழைய நான்கு நெட்டைத் திருகாணிகளைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன், புஷ்களையும் குட்டையாக மாற்றினேன். புதிய நான்கு குட்டைத் திருகாணிகளையும் பொட்டலம் பிரித்து அதே கிண்ணத்தில் போட்டேன்.

"ஏம்ப்பா, ரெண்டையும் ஒரே கிண்ணத்துல போடுறியே, கொழம்பாதா?" என்றார் நெல்டா.

"மிஸ் நெல்டா, இருபத்திரண்டு வருஷமா ஸ்க்ரூலதான் சோறு திங்கிறேன்."

"அப்போ ஒண்ணு ரெண்டு முழுங்கியிருப்பியே, கண்ணு."

நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. நான்கையும் முறுக்கிக் கொடுத்தேன். நீலப்பச்சையும் வெள்ளைச் சுழியும் பாதரச எஃகில் உட்கார்ந்ததும், பொய் சொல்லவில்லை, இருவரும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அவ்வளவு அழகு. நெல்டா கையில் பிடித்தார். கட்டைவிரல் பொத்தானில் போய் உட்கார்ந்தது.

"பாரேன்" என்றார். "இவ்வளவு நாளா என் கையத்தான் தேடிட்டு இருந்துருக்கு."

மேகசினைச் செருகிப் பார்க்க வேண்டியது அந்த நிமிடம்தான். நான் திருப்புளிகளை அளவு வாரியாகத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன்.

5

வியாழக்கிழமை மதியம் பயிற்சி. நெல்டா ஐந்து சுட்டார், ஐந்தும் பட்டன. பொத்தானை அழுத்தினார். மேகசின் அரை அங்குலம் இறங்கி நின்றுகொண்டது. அடுத்த முறையும் அப்படியே. கையால் பிடுங்க வேண்டியிருந்தது. போட்டியில் பிடுங்கினால் நான்கு விநாடி போய்விடும், கூடவே படமும்.

எல்லாரும் கூடினார்கள். யாராவது ஒரு டார்ச் அடித்து உள்ளே பார்த்திருந்தால் நெட்டையின் மூக்கு தெரிந்திருக்கும். ஆனால் அதற்குள் ஜட்ஜ் வந்துவிட்டார். ஜட்ஜ் டார்ச் அடிக்க மாட்டார், கண்ணை மூடிக்கொள்வார். துப்பாக்கியை உள்ளங்கையில் வைத்து வைத்தியர் நாடி பார்ப்பது போல நின்றார்.

"வீக்கம்" என்றார்.

"என்ன வீக்கம்?" என்றார் நெல்டா.

"பந்து. வெயிலுக்கு வீங்குது. அது சட்டத்த அமுக்குது, சட்டம் மேகசின அமுக்குது."

"பௌலிங் பந்து எஃகையா அமுக்கும், ஜட்ஜ்?"

"பொறுமையா அமுக்கும், மிஸ் நெல்டா. உயிரில்லாத பொருளுக்குப் பொறாமை ஜாஸ்தி. இல்லையா டேவ்?"

நான் தலையாட்டினேன். என் தரப்பில் சொல்ல வேண்டியது: அப்போது எனக்கு உண்மை தெரியாது. அன்று சாயங்காலம்தான் மிச்சத் திருகாணிகளை மேசையில் நிறுத்திப் பார்த்தேன். ஆகவே வியாழக்கிழமைத் தலையாட்டல் வெறும் முட்டாள்தனம். அதற்கு மன்னிப்பு உண்டு.

வெள்ளிக்கிழமைக்கு மன்னிப்பு இல்லை. நெல்டா கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. துப்பாக்கி செய்த பட்டறைக்கு போன் பண்ணினாராம். அனுப்பி வையுங்கள், பார்த்துத் தர நாலு மாதம் ஆகும் என்றார்களாம். "திங்கட்கிழம அனுப்பிடுறேன். நாளைக்கு லீராயோட பழசுல சுடுறேன். அது எதுக்கு, சுடவே வேணாமான்னும் இருக்கு" என்றார். லீராய் அவருடைய கணவர். அவருடைய பழசு மேகசினை விழவிடும், குறியையும் விட்டுவிடும்.

"ஜட்ஜ் சொல்றதுதான் சரியோ என்னமோ. பந்துன்னா உருட்டுறதுக்குத்தான். நாந்தான் ஆசப்பட்டுட்டேன்."

அந்த ஐந்து சொல் என் தொண்டையில் நின்றது. அரை அங்குலம் இறங்கி நின்றது என்று எழுதலாம், ஆனால் [அந்த உவமை இப்போதுதான் தோன்றியது, கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், அதற்காக வெட்கப்படுகிறேன்]. நெல்டா வந்த காரணம் வேறு. கண்ணாடியின் காது ஆடுகிறதாம். வாங்கி, திருகாணியை முறுக்கிக் கொடுத்தேன். போட்டுத் தலையை ஆட்டிப் பார்த்தார்.

"உன் கை பட்டா எதுவும் ஆடாது, கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்துதான் இந்தப் பகுதிவரை எழுதினேன்.

6

முடிவுகள். வெள்ளிக்கிழமை யோசித்தவை.

(அ) சனிக்கிழமை காலை யாரும் பார்க்காத நேரத்தில் நான் நெல்டாவின் துப்பாக்கியை எடுத்துத் திருகாணியை மாற்றிவிடுகிறேன். மேகசின் வழுக்கி விழுகிறது. அற்புதம். எல்லாரும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறார்கள். இதில் ஒரு சிக்கல்: அடுத்தவர் துப்பாக்கியைக் கேட்காமல் தொட்டால் எங்கள் கழகத்தில் அன்றே வெளியேற்றம். அந்த விதியை எழுதியவன் நான். அடைப்புக்குறிகளோடு.

(ஆ) நெல்டாவுக்கு எல்லாம் முதலிலேயே தெரியும். நான் எப்போது சொல்வேன் என்று பொறுமையாகக் காத்திருக்கிறார். இதை நீங்கள் ஏற்கெனவே ஊகித்திருப்பீர்கள், அதனாலேயே வேண்டாம். கதைகளில் பெண்களுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருப்பது, தப்பு செய்த ஆண்கள் வாய் திறக்கும் சிரமத்தை மிச்சப்படுத்தக் கண்டுபிடித்த ஏற்பாடு. நெல்டாவுக்குத் தெரியாது. அவர் என்னை நம்பினார். விஷயமே அதுதான்.

(இ) ஜட்ஜ் டார்ச் அடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார். நம்பகத்தன்மை இல்லை.

(ஈ) சொல்லிவிடுவது.

[(ஈ)க்கு வரைவு எதுவும் எழுதப்படவில்லை.]

7

சனிக்கிழமை காலை எட்டரை. கழக மைதானத்தில் என் வண்டியின் பின்கதவை இறக்கி அதன்மேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்திருந்தேன். (ஈ)யை எழுதிப் பார்க்கலாம் என்று. கறிப்புகை மைதானம் முழுக்கப் பரவியிருந்தது. நெல்டா நீலப்பச்சைச் சட்டையில் வந்தார். இடுப்பில் லீராயின் பழசு. கையில் ஒரு பெட்டி நிறைய கொலாச்சி. அவர் வீட்டு கொலாச்சி ரொட்டியும் இல்லை, கேக்கும் இல்லை. நடுவில் ஆப்ரிகாட் பழக்கூழ் குளமாக நிற்கும். சூடாக இருந்தது.

"தின்னு. என்ன எழுதுற?"

"கதை."

"யாரப் பத்தி?"

"வந்து... உங்களப் பத்தித்தான்."

அவர் முகம் மூன்று நாளில் முதல் தடவையாக மலர்ந்தது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "படி."

"தமிழ்ல இருக்கு."

"வாய் இருக்குல்ல? மாத்திச் சொல்லு."

படித்தேன். ஒவ்வொரு வரியாக மாற்றிச் சொன்னேன். பந்து வெடித்த இடத்தில் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அந்தத் தர்பூசணி லீராயோடது. ஒரு வாரம் என்கூட பேசல." பிறகு, "என் வயசு என்ன போட்டிருக்க?"

"அறுபத்துநாலு."

"அம்பத்தெட்டு."

"மிஸ் நெல்டா, கதைன்னாலும் அதுல ஒரு உண்மை..."

"அம்பத்தெட்டு."

திருத்தினேன். அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். எழுத்துகளை ஜிலேபி பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு பக்கத்தின் தலையில் விரலை வைத்தார்.

"இது ரெண்டு."

"ஆமா."

"முப்பது வருஷம் ஓட்டின பஸ்ஸு ரெண்டாம் நம்பரு. அத எந்தப் பாஷையில எழுதினாலும் எனக்குத் தெரியும். ரெண்டுல ஆரம்பிக்கிற கதைய நான் கேட்டதில்ல. ஒண்ணு எங்க?"

"ஒண்ணுல பெருசா ஒண்ணும் இல்ல மிஸ் நெல்டா. சும்மா முன்னுர மாதிரி."

"கண்ணு. பின்சீட்டுல சூயிங்கம் ஒட்டுற பசங்கள முப்பது வருஷம் கண்ணாடியில பாத்தவ நான். அந்த மூஞ்சி இப்ப உன்கிட்ட இருக்கு. ஒண்ணப் படி."

தமிழைப் பாதுகாப்பான மொழி என்று எழுதினேன் அல்லவா. எண்களை மறந்துவிட்டேன். நான் இனி கதை எழுதினால் பகுதிகளுக்கு எண் போட மாட்டேன், பூ போடுவேன்.

படித்தேன். நான்கு திருகாணி, மூன்று நெட்டை, ஒரு குட்டை. ஜட்ஜ் பெயரை எழுதி அடித்த அடைப்புக்குறி. "பொருத்தியது நான்." தமிழில் இரண்டு சொல். இங்கிலீஷில் மாற்றிச் சொல்வதற்குள் கொலாச்சி என் கையில் ஆறிப்போனது.

நெல்டா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். மைதானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்போ பந்து வீங்கல."

"இல்ல."

"பட்டறைக்காரன் மேலயும் தப்பில்ல."

"இல்ல."

"நாலே நாலு ஸ்க்ரூ. ஏழு டிரைவர் அடுக்கினியேடா."

"ஆமா."

"ஜெர்மன்காரன் எப்படிப் பண்ணுவான்னு வேற சொன்ன."

"சொன்னேன்."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்தார். பெட்டி மடியிலிருந்து சரிந்தது, மூன்று கொலாச்சி மண்ணில் விழுந்தன, அவர் சட்டை செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேற்று நான் முறுக்கிய கண்ணாடி.

"நேத்தே சொல்லியிருந்தா உன்ன அடிச்சிருப்பேன்" என்றார். "ராத்திரி முழுக்க அந்தப் பட்டையக் குப்பையில போட எடுக்குறதும் வெக்கிறதுமா இருந்தேன்டா, பாவி. அந்தக் குட்டை ஸ்க்ரூ எங்க?"

சட்டைப்பையிலிருந்து எடுத்தேன்.

"ஒரே ஒரு டிரைவர் எடுத்துட்டு வா. ஒண்ணுதான். வாயத் தொறந்து வெளக்குன, பாத்துக்க."

துப்பாக்கிகளைக் கையாள ஒதுக்கிய மேசைக்குப் போனோம். அவர் வண்டியில் கொண்டுவந்திருந்த புதுத் துப்பாக்கியை அதன் பெட்டியிலிருந்து எடுத்து, காலி செய்து, காட்டிவிட்டுக் கொடுத்தார். டார்ச் அடித்தேன். வலப்பக்கம் கீழே, நெட்டையின் மூக்கு எங்கள் இருவரையும் பார்த்து நின்றது. கழற்றி, குட்டையைப் போட்டு, பேசாமல் முறுக்கினேன். நான்கு நிமிடம். பேசாமல் வேலை செய்தால் இவ்வளவு சீக்கிரம் முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி.

ஜட்ஜ் வந்தார். வெள்ளைத் தொப்பி, இடுப்பில் வெல்வெட்டின் நாயகன். "என்ன வைத்தியம் நடக்குது?"

நான் திருப்புளியைச் சட்டைப்பையில் ஒளித்தேன். நெல்டா காலி மேகசினைச் செருகினார். பொத்தானை அழுத்தினார். வழுக்கிக்கொண்டு வந்து அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.

"வீக்கம் வடிஞ்சிருச்சு ஜட்ஜ்" என்றார்.

ஜட்ஜ் கண்ணை மூடினார். திறந்தார். "சொன்னேனா இல்லையா. காலக் குளுருக்கு வடியும். பொருளோட மனசு தெரிஞ்சாத்தான் இதெல்லாம் சொல்ல முடியும், டேவ்."

"உண்மைதான் ஜட்ஜ்" என்றேன். நெல்டா அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜட்ஜ் போன பிறகு நெல்டா என் விலாவில் இடித்தார். "மொதல்ல எழுதினபடியே ஜட்ஜ் தலையில போட்டிருக்கலாம். நல்லாத்தான இருந்துச்சு?"

"பொய்யாச்சே."

"இவரு பெரிய உண்மைக்காரரு. என் வயசு என்னடா?"

"அம்பத்தெட்டு."

"ம்."

8

பத்து மணி. குலுக்கலில் ஜட்ஜுக்கு முதல் ஆட்டம் வந்தது. நேர்மையாகச் சொல்கிறேன், அவர் நன்றாகச் சுடுவார். இதுவரை மறைத்து வைத்திருந்தேன், பாத்திரம் குழம்பிவிடும் என்று. ஆறு தகடு, ஏழரை விநாடி. தொப்பியைத் தொட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றார். இன்னும் எட்டுப் பேர் சுட்டார்கள், யாரும் கிட்டே வரவில்லை.

கடைசியில் நெல்டா. இடுப்பில் லீராயின் பழசு இல்லை. வெயில் நீலப்பச்சையில் பட்டு ஐஸ்கிரீம் வண்டியேதான். கூட்டத்தில் யாரோ அந்த வண்டியின் மணியோசையை வாயால் ஊதினார்கள். நெல்டா திரும்பாமலேயே இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டினார். எல்லாரும் சிரித்தோம், ஜட்ஜ் உட்பட.

நேரம் அளக்கும் கருவி பீப் என்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது தகடு கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது. துப்பாக்கி காலியாகித் திறந்து நின்றது. நெல்டாவின் கட்டைவிரல் பொத்தானில் இருந்தது.

முடிவை நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். கறியின் முதல் துண்டு யாருக்கு, சுவரில் பன்னிரண்டாவது என்ன நிறம் என்று. சொல்லக்கூடாது என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். அவர் பொத்தானை அழுத்தினார். மேகசின் விழுந்தது. தன் கனத்தில், தானாக, நேராக, சரளைக் கற்களில் 'சளக்'கென்று. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரளையில் கிடந்த அந்தக் காலித் தகரத்தை, என் வாழ்க்கையில் வேறு எதையும் இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை என்பது போல.

ஆகவே சிவப்புத் தகட்டை நான் பார்க்கவில்லை.

அடுத்த மேகசின் ஏறிய சத்தம் கேட்டது. பிறகு ஒரு வெடி. அதன் வாலில் இன்னொரு சத்தம் வந்தது. எஃகில் பட்டதா, பின்னாலிருந்த மண்மேட்டில் பட்டதா என்பது காதடைப்பானுக்குள் எனக்குத் தெளிவாக விழவில்லை. என்னைச் சுற்றி எல்லாரும் கத்தினார்கள். எங்கள் ஊரில் பட்டாலும் கத்துவார்கள், படாவிட்டாலும் கத்துவார்கள்.

உங்கள் காதில் எதுவும் அடைத்திருக்காது. எதில் பட்டது?